திரையில் கட்டம், கோடு, மினுக்கல்: கேம் கிராபிக்ஸ் கேள்வி-பதில்

கே: கேம் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் திரை முழுக்க வருகின்றன. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

ப: அதற்குள் புதுக் கார்டு தேடாதீர்கள். கட்டங்கள் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மொபைலில் திரையையும் ஒரு போட்டோ எடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மொபைலுக்கு அனுப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டோவில் கட்டம் இருந்து ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் கேபிள், மானிட்டர், இல்லையென்றால் கார்டின் போர்ட் மீதுதான் முதல் சந்தேகம். கேபிளை மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இரண்டிலும் கட்டம் இருந்தால் கோளாறு கார்டு, அதன் மெமரி, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), கேம் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது.

இருபது நிமிடம் கழித்துத்தான் வருகிறது என்பதால் சூட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் தனி கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும். அது பெரும்பாலும் சிப்பின் சூடு மட்டும்தான். மெமரி சிப்புகள் அதைவிடக் கொதித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். விசிறிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளி மாதிரி அடைந்திருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு கணினியில் தூசியே இல்லை. தொங்கிய ஒயர் ஒன்று விசிறியைத் தடுத்துக்கொண்டிருந்தது.

கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது இயல்பு வேகத்துக்கு மேல் ஓடவைத்திருந்தால், அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கட்டங்கள் வந்தால், குறிப்பாக விண்டோஸ் ஏறுவதற்கு முன்பு திறக்கும் பயாஸ் திரையிலேயே வந்தால், டிரைவரை மாற்றிப் பயனில்லை. விண்டோஸும் அதன் டிரைவரும் அந்த நேரத்தில் இன்னும் ஏறவே இல்லை. வாரண்டி இருந்தால் எடுத்த போட்டோக்களோடு கொண்டுபோங்கள்.

கே: வேகமாகத் திரும்பும்போது படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரிகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்றும் இல்லை. அப்படியானால் கேபிளா?

ப: இல்லை. மேலே சொன்ன சோதனைக்கு இது விதிவிலக்கு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் சுமார் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரையை மேலிருந்து கீழாக வரைகிறது. அது பாதி வரைந்திருக்கும்போது கார்டு அடுத்த படத்தை, அதாவது ஃபிரேமை, கொடுத்துவிட்டால் மேல் பாதி பழையது, கீழ் பாதி புதியது. ஸ்கிரீன்ஷாட் முழு ஃபிரேமை எடுப்பதால் கிழிசல் அதில் விழாது. மானிட்டரைக் கார்டின் வேகத்துக்கு ஏற்ப வரைய வைக்கும் ஃபிரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி மானிட்டரில் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால், மானிட்டர் வரைந்து முடிக்கும்வரை அடுத்த ஃபிரேமைக் காக்கவைக்கும் வி-சிங்க் கேமிலேயே இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். மவுஸ் கொஞ்சம் தாமதமாக நகர்வது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

கே: தூரத்துச் சாலைக் கோடுகளும் சுவரொட்டிகளும் மினுக்கிக்கொண்டே இருக்கின்றன. கிட்டே போனால் சரியாகிவிடுகிறது.

ப: உங்கள் கணினிமேல் குற்றமில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகளில் எது முன்னால் என்று தூரத்தில் கேமால் துல்லியமாகக் கணக்கிட முடியவில்லை. கேமை உருவாக்கியவர்கள்தான் திருத்த வேண்டும். அப்டேட் வரும்வரை எதையும் கழற்றாதீர்கள்.

கே: டிரைவர் அப்டேட் செய்த பிறகு ஒரே ஒரு கேமில் மட்டும் முகங்கள் கறுப்பாக வருகின்றன.

ப: மற்ற கேம்கள் சரியாக ஓடுவதால் கார்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மோடுகள் (கேமை மாற்ற மற்றவர்கள் செய்த கூடுதல் கோப்புகள்) போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். ஸ்டீமில் அந்த கேமின் பண்புகளுக்குள் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உண்டு, அதை ஓட்டுங்கள். அப்புறம் ஷேடர் கேஷை அழியுங்கள். ஷேடர் என்பது ஒளி, நிறத்தைக் கணக்கிடக் கார்டில் ஓடும் சிறு நிரல், அவற்றைத் தயாராகச் சேமித்து வைத்திருப்பதுதான் கேஷ். அடுத்த முறை கேம் திறக்கக் கொஞ்சம் நேரமாகும், முதல் சில நிமிடங்கள் திக்கித் திக்கி ஓடும். பயப்பட வேண்டாம், ஷேடர்களை மறுபடி தயாரிக்கிறது. அப்படியும் முகம் கறுப்பாகவே இருந்தால் முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்துச் செய்தால், எதனால் சரியானது என்று தெரியாமல் அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கே: சுவரும் உடையும் களிமண் பூசியது போல மங்கலாகவே நிற்கின்றன.

ப: கார்டின் மெமரி நிரம்பியிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். நிரம்பியிருந்தால் டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) தரத்தை மட்டும் ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறங்கள்.