பாலி மலையூர்களின் வயலும் தண்ணீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், தபனான் மாவட்டத்துப் படிக்கட்டு வயல்களின் படம் சென்ற இதழ் அட்டையில் வந்தது. அதைப் பார்த்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): பாலியில் ‘சுபாக்’ என்ற அமைப்புதான் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கிறதாம். மீட்டர், ஷட்டர் எதுவும் இல்லாமல் எப்படி அளக்கிறார்கள்?

அளப்பதில்லை, பங்கு போடுகிறார்கள். ஓடையின் குறுக்கே ஒரு சிறு அணை. அங்கிருந்து வாய்க்கால் வழியாகவும், சில இடங்களில் பாறையைக் குடைந்த சுரங்கம் வழியாகவும் நீர் வருகிறது. வாய்க்கால் பிரியும் இடந்தோறும் ‘தெம்புகு’ என்னும் பங்கீட்டுக் கட்டை குறுக்கே கிடக்கும். முன்பு மரக்கட்டை, இப்போது பெரும்பாலும் சிமென்ட். அதன் மேல் விளிம்பில் நீர் வழியும் கண்கள் வெட்டியிருப்பார்கள். எல்லாக் கண்ணுக்கும் ஆழம் ஒன்றே, அகலம் மட்டும் மாறும். ஒரு பங்குக்கு ‘தெக்தெக்’ என்று பெயர். ஒரு தெக்தெக் எத்தனை விரல் அகலம் என்பது ஒவ்வொரு சுபாக்கிலும் ஒவ்வொரு மாதிரி. மூன்று பங்குக்காரர்களின் வயல்களுக்குப் போகும் கண், ஒரு பங்குக் கண்ணைப்போல மூன்று மடங்கு அகலம். ஓடையில் நீர் குறைந்தால் எல்லார் பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். யாரும் போய் மடை திருத்த வேண்டியதில்லை.

கோளாறு வருவது மட்டத்தில்தான். ஒரு கண்ணின் அடி மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், நீர் நிறைந்து ஓடும் நாளில் வேறுபாடு பார்வைக்கே தெரியாது. நீர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மெலிந்து வழியும் நாளில் அந்தக் கண் மற்றவர் பங்கையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே மட்டம் பார்ப்பதைக் கோடையில் செய்வதே சரி. கட்டையை வாய்க்காலின் வளைவில் போடக்கூடாது. வளைவில் நீரின் வேகம் வெளிப்பக்கம் சாய்வதால் அந்தப் பக்கத்துக் கண்ணுக்குக் கூடுதலாகப் போகும். கட்டைக்கு மேலே வாய்க்கால் கொஞ்ச தூரம் நேராக ஓடி வரவேண்டும். மண்டும் வண்டலையும் அள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். கண்ணில் சிக்கும் வைக்கோலும் மூங்கில் இலையும் தனிக்கதை. ஒரு கைப்பிடி வைக்கோல் போதும், கீழே ஒருவரின் நாற்றங்கால் காய்ந்துவிடும்.

நடவு தள்ளிப்போன உறுப்பினர் பக்கத்துக்காரரின் பங்கைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சுபாக் தலைவரான ‘பெகாசெ’வுக்குத் தெரிந்தே அது நடக்கவேண்டும். அவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாய்க்கால் தூர்வாரும் நாளில் பங்குக்கேற்ப ஆள் வரவேண்டும். வராதவர் பணமாகவோ நெல்லாகவோ ஈடு கட்டவேண்டும். அபராதம் உள்பட எல்லாம் ‘அவிக்-அவிக்’ என்ற ஊர் விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. பாலியின் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே சுரங்கம் குடைபவர்கள் பேசப்படுகிறார்கள். 2012-இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தபனானில் உள்ள ஜாத்திலுவிஹ் ஊரின் வயல்களும் அதில் அடக்கம்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): அங்கே எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுக்கிறார்களாமே? அவரவர் வசதிப்படி செய்தால் என்ன கெட்டுப்போகும்?

பூச்சி பெருகும். புகையானுக்கும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் பச்சை நெற்பயிர் வேண்டும். ஒரு வட்டாரமே சேர்ந்து அறுத்து, சில வாரம் வயல்களில் நெல் இல்லாமல் விட்டால் அவற்றுக்கு இரை அறுந்து போகிறது. ஒருவர் மட்டும் தன் வயலைச் சும்மா போட்டால் பயன் இல்லை. பக்கத்துப் பயிரிலிருந்து பூச்சி வந்துவிடும். எலிக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் மலையுச்சி முதல் கடற்கரை வரை ஒரே நாளில் நடலாமே என்று தோன்றும். அது முடியாது. சேறு கலக்கும் வாரங்களில்தான் வயல் அதிகமாக நீர் குடிக்கிறது, எல்லா ஊரும் ஒரே வாரத்தில் கேட்டால் ஆறு தாங்காது. ஆகவே பக்கத்துப் பக்கத்துச் சுபாக்குகள் ஒரு குழுவாகச் சேர்ந்து நடுகின்றன, குழுவுக்குக் குழு தேதி தள்ளிப் போகிறது. இந்த முறையை, பாசனத்துக்கென்றே உள்ள நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். மேட்டு வயல்காரருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. ஆனால் கீழ் வயல்காரருக்குத் தண்ணீர் விடாமல் இருந்தால் அவர் வேறு பட்டத்தில் நடுவார், அங்கே வளரும் பூச்சி மேலே ஏறும். தண்ணீரை விட்டுக்கொடுப்பதில் மேட்டுக்காரருக்கும் லாபம் இருப்பது இதனால்தான். மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இந்தக் கணக்கைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்து 1993-இல் வெளியிட்டார்கள்.

இந்த முறையைக் கைவிட்டதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1970-களில், விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்று, குறுகிய கால ரகங்களை இடைவிடாமல் நடச் சொன்னது அரசு. ரகமும் உரமும் மருந்தும் கடனும் ஒரே தொகுப்பாக வந்தன. நீர்க்கோயில்களில் முடிவாகும் நடவு நாள்காட்டி ஓரங்கட்டப்பட்டது. முதலில் புகையான் வந்தது. அதைத் தாங்கும் என்று ஐ.ஆர்.36 என்ற நெல் ரகம் வந்தது, அந்த ரகத்தைத் துங்ரோ என்ற வைரஸ் நோய் தாக்கியது. மருந்தடித்ததில் புகையானைத் தின்னும் சிலந்திகளும் செத்தன. 1986-இல் அதிபர் ஆணை ஒன்று நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. பிறகு பாலியில் சேர்ந்து நடும் முறைக்கே திரும்பினார்கள். விவசாயிகளுக்குத் தெரிந்திருந்ததை அதிகாரிகள் முதலிலேயே கேட்டிருக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி (மட்டக்களப்பு வாசகர்): வயலில் வாத்து விட்டால் நத்தை ஒழியுமா? எப்போது விடவேண்டும்?

ஒழியும், சமயம் பார்த்து விட்டால். இந்தோனேசியாவில் தொல்லை கொடுப்பது தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை. இளநாற்றின் தண்டை நீர்மட்டத்துக்குக் கீழே கடித்துவிடும். அறுவடை முடிந்ததும், மறுபடி சேறு கலக்கும்போதும் வாத்துகளை இறக்கலாம். நட்ட கையோடு விடக்கூடாது, நாற்றைக் கிளறிப் பிடுங்கிவிடும். வேர் பிடித்துத் தூர் கட்ட மூன்று நான்கு வாரம் பொறுக்கவேண்டும். கதிர் வெளிவரும்போது வாத்துகளை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மணியைத் தின்னும்.

நடவுக்குப் பின் முதல் இரண்டு வாரம் வயலில் நீரை ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றவேண்டாம். ஆழமில்லாத நீரில் நத்தையால் சுலபமாக நகர முடியாது. இருபது நாள் தாண்டிய, தண்டு தடித்த நாற்று இன்னும் தப்பும். வரப்போரம் பப்பாளி இலை போட்டால் நத்தைகள் அங்கே கூடும், பொறுக்கி எடுத்துவிடலாம். செடியில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தைச் சுரண்டி நசுக்கவும்.

பாலியில் வாத்து மேய்ப்பவர் நுனியில் வெள்ளைத் துணி கட்டிய கழியை வயலில் ஊன்றிவிட்டுப் போய்விடுவார். குஞ்சிலிருந்தே அதைப் பார்த்துப் பழகிய வாத்துகள் அதைச் சுற்றியே மேயும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): அங்கே பாரம்பரிய நெல் இன்னும் உண்டா?

ஜாத்திலுவிஹ்ஹில் உண்டு. உள்ளூர்ச் சிவப்பரிசி நெல் ஜனவரி வாக்கில் நடவாகி, ஆண்டின் நடுவில் அறுவடையாகிறது. அடுத்த பட்டத்தில் குறுகிய கால ரகம். பழைய ரகம் உயரமானது, தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும். யூரியாவைக் கண்டபடி போடும் பழக்கம் இதற்கு ஆகாது. எரிமலை மண்ணிலிருந்து பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஓடை நீரிலேயே கரைந்து வருவதால் வெளியுரம் அதிகம் தேவைப்படுவதும் இல்லை.

கேள்வி (கோலாலம்பூர் வாசகர்): பாலி கிராமத்தில் கொஞ்சம் வயல் வாங்க ஆசை. முடியுமா?

முடியாது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. உள்ளூர் ஆள் பெயரில் வாங்கிப் பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று தரகர்கள் சொல்வார்கள். அது செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. வெளிநாட்டவருக்குக் குத்தகையும், வீட்டுக்கான ‘ஹக் பகாய்’ என்ற பயன்பாட்டு உரிமையும் உண்டு. ஹக் பகாய் முதலில் 30 ஆண்டு, பிறகு 20 ஆண்டு நீட்டிப்பு, அதன்பின் 30 ஆண்டு புதுப்பிப்பு. விலையை அங்கே ‘ஆரே’ கணக்கில் சொல்வார்கள். ஓர் ஆரே 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

குத்தகைக்கு எடுத்தாலும், படிக்கட்டு வயலின் நடுவில் வீடு கட்டும் எண்ணம் வேண்டாம். அதன் வழியே போகும் வாய்க்கால் அடைபட்டால் கீழே உள்ள அத்தனை படிகளும் காயும். வயல் குறையக் குறைய, மிச்சமுள்ள சில குடும்பங்களே அணையையும் சுரங்கத்தையும் பராமரிக்க வேண்டிவருகிறது. ஊரில் வீடு எடுப்பதானால் இரண்டு பேரைப் பார்க்கவேண்டும்: அரசு நிர்வாகக் கிராமத்தின் தலைவர், வழக்காற்றுக் கிராமமான ‘தெசா அதாத்’தின் தலைவர். பல வீட்டு மனைகள் இரண்டாமவரின் ஊருக்கே சொந்தம். குடியிருப்பவர் ஊர் வேலைக்கும் கோயில் வேலைக்கும் வரும் கடமையோடு அனுபவிக்கிறார். அந்த மனைகளை விற்க அவருக்கே உரிமை இல்லை. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் மனை எந்த வகை என்று தெசா அதாத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.