ஹான்பொக் பாவாடை நழுவினால்

வணக்கம். மாயலோக அரசி வேடத்துக்குத் தைத்த ஹான்பொக் (கொரியப் பாரம்பரிய உடை) பாவாடை நழுவுகிறது, கோயில் மணிபோல் விரியவும் இல்லை என்றீர்கள். இடுப்பில் கட்டியதுதான் காரணம். கொரியாவின் 'சிமா' எனும் இந்தப் பாவாடை மார்புக்கு மேலே கட்டுவது. அங்கிருந்து விழுந்தால்தான் அந்த விரிவு கிடைக்கும். பட்டையை இறுக்கினால் மூச்சுதான் முட்டும். தோளில் பட்டை வைத்த கையில்லா உள்சட்டையோடு பாவாடையைச் சேர்த்துத் தையுங்கள்; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியாவிலேயே வந்த தீர்வு அது. 3 மீட்டர் அகலத் துணியை, மார்புச் சுற்றளவோடு 20 செ.மீ. கூடுதலாக வரும்வரை சிறு மடிப்புகளாக எடுங்கள். ஷிஃபான் தொய்ந்துவிடும், ஆர்கன்சாதான் நிற்கும். அடியில் விறைப்பான வலைத்துணியில் உள்பாவாடை.

மேல்சட்டையில் உங்கள் இடப்பக்கம் மேலே வரட்டும். அதைக் கட்டும் 'கொரும்' நாடாவின் முடிச்சில் ஒற்றைக் காது (வளையம்) மட்டும், அதுவும் உங்கள் இடப்பக்கம் பார்த்து. தயவுசெய்து பட்டாம்பூச்சி முடிச்சு வேண்டாம், ஹான்பொக்கின் முகமே மாறிவிடும்.