கிளினிக் கொப்பி கையிலிருக்கத் தரகருக்கு எதற்குப் பணம்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு 67 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் இரண்டு மருந்துகளைத் தருகிறார்கள். கொழுப்புக் குளிசையை மட்டும் மூன்று மாதமாக வெளியில் வாங்கும்படி துண்டு எழுதுகிறார்கள். 4,000 ரூபாய் கொடுத்தால் எந்தப் பாமசியிலும் இலவசமாக மருந்து எடுக்கக்கூடிய முதியோர் அட்டை பெற்றுத் தருவதாக டவுனில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். 60 வயதானோருக்குரிய முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தின் ஊடாக நீங்களே பெறலாம். வரிசையில் முன்னுரிமை கேட்க அது உதவும். தனியார் பாமசியில் மருந்தை இலவசமாக்கும் அட்டை எதையும் முதியோருக்கு அரசாங்கம் வழங்குவதில்லை. இல்லாத ஒன்றை விற்கும் இந்தத் தரகர்கள் சம்பள நாளுக்கு மறுநாள் லயம் லயமாக வருவதை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

அப்பாவுக்குரிய இலவச மருந்து கிளினிக் கொப்பியின் வழியாகவே வருகிறது. கையிருப்பில் இல்லாத குளிசைக்காகத் துண்டு தரும்போது, வணிகப் பெயரோடு நிறுத்தாமல் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கொழுப்புக் குளிசைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'அடோர்வஸ்டட்டின்' போன்ற பொதுப் பெயர் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைக் காட்டி, விலை குறைந்ததைக் கேளுங்கள். 2016 இல் 48 மருந்துகளுக்கு அரசாங்கம் உச்ச விலை நிர்ணயித்த பின்னரும், விலை கூடிய பெட்டியையே முதலில் எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. கண்டிக்குப் போகிறவர் எவரேனும் இருந்தால், அங்குள்ள அரச மருந்துக் கடையான ஒசுசலவிலும் விலையை விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கும் சேர்த்து வாங்காமல் பத்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். இடையில் ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்து சேர்ந்துவிடலாம்.

இதில் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்பரினையும் வலிப்புக் குளிசைகளையும், விலை குறைவு என்பதற்காக, கிளினிக் மருத்துவரிடம் கேட்காமல் வேறு கம்பனிக்கு மாற்றக் கூடாது. சிறிய வேறுபாடும் இரத்தப் பெருக்கையோ வலிப்பையோ உண்டாக்கக்கூடும். அப்பாவின் கொப்பியில் இப்பெயர்கள் இல்லாதிருக்கலாம். ஆயினும் ஒரு லயத்தார் எல்லாருடைய துண்டுகளையும் ஒருவரிடமே கொடுத்தனுப்புவது நம்மிடையே வழக்கம் என்பதால், டவுனுக்குப் போகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

முதியோர் வெளியில் வாங்கும் மருந்துக்கும் அரசு பணம் தர வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. நாற்பது வருடம் மலையேறி உழைத்தவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. ஒரே தடவையில் வரும் சேமலாப நிதியோ கூரைத் தகரத்திலும் கலியாணத்திலும் கரைந்துவிடுகிறது. ஆனால் பற்றுச்சீட்டைக் காட்டிப் பணம் பெறும் திட்டம் வந்தால், படிவம் நிரப்பித் தர இதே தரகர்தான் முன்னால் வந்து நிற்பார். விடியுமுன் பஸ் ஏறி வரும் கிழவருக்கு மருந்து அறையின் ஜன்னலிலேயே குளிசை கிடைக்கச் செய்ய இத்தனை வருடங்களாக ஏன் முடியவில்லை என்பதற்கு அதிகாரிகள் முதலில் பதில் சொல்லட்டும்.

அடுத்த கிளினிக் நாளில் துண்டோடு மருந்து அறையில் மறுபடியும் கேளுங்கள். அதுவரை குளிசையை நிறுத்தவோ, பாதியாக உடைத்து நாள் கடத்தவோ அப்பாவை விடாதீர்கள்.