மோசமான நாளில் மட்டும் சேர்ந்து விழுவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு ஐ.டி. ஃபண்டும் ஒரு வங்கி ஃபண்டும் வைத்திருக்கிறேன். ஐந்து வருட தினசரி ஏற்ற இறக்கத்தை எக்செலில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் கோரிலேஷன் (சம்பந்தமே இல்லையென்றால் 0, முழுக்க ஒன்றாகவே நகர்ந்தால் 1) 0.5. ஒன்று விழுந்தால் மற்றது ஓரளவு தாங்கும் என்று நம்பினேன். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 13 சதவீதம் சரிந்தபோது இரண்டும் சேர்ந்தே விழுந்தன. என் கணக்கு தப்பா, கணிதமே தப்பா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

உங்கள் கணக்கு சரி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைத்ததற்கு அது பதில் இல்லை. ஐந்து வருடம் என்றால் சுமார் 1,250 வர்த்தக நாட்கள். அத்தனையையும் கலக்கிப் பிழிந்து எடுத்த ஒற்றை எண்தான் கோரிலேஷன். அந்த நாட்களில் முக்கால்வாசி, பெரிதாக எதுவும் நடக்காதவை.

1959-இல் ஆபே ஸ்க்லார் என்ற கணிதவியலாளர் ஒன்றைக் காட்டினார். இரண்டு பங்குகளின் தனித்தனி குணத்தை ஒரு பக்கம் வைக்கலாம், அவற்றை ஒட்டும் பசையை இன்னொரு பக்கம் வைக்கலாம். அந்தப் பசைக்குப் பெயர் கோப்புலா. அதே 0.5-ஐ வைத்துக்கொண்டே பசையை மட்டும் மாற்றலாம் என்பதுதான் இதில் வில்லங்கம்.

எண்களைப் பாருங்கள். நூறு நாளில் ஒரு நாள் வரும் மோசமான சரிவு ஒரு ஃபண்டுக்கு வந்துவிட்டது. அன்றே மற்றதற்கும் அதே அளவு அடி விழ வாய்ப்பு எவ்வளவு? சம்பந்தமே இல்லாத ஃபண்டுகள் என்றால் 1 சதவீதம். கோரிலேஷன் 0.5 என்று வைத்தால், மணி வடிவ வளைவிலிருந்து (நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) எடுத்த பசையான காஸியன் கோப்புலா 13 சதவீதம் என்கிறது. இன்னொரு பசை டி-கோப்புலா. அதற்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்று ஒரு திருகு உண்டு; அந்த எண் குறையக் குறைய, சேர்ந்து விழும் வாய்ப்பு கூடும். அதை 4-இல் வைத்தால் ஏறக்குறைய 29 என்கிறது. ஆயிரத்தில் ஒரு நாள் வரும் சரிவுக்குப் போனால் காஸியன் 5-க்கு இறங்குகிறது, டி 26-இல் நிற்கிறது. இன்னும் ஓரத்துக்குப் போகப் போக காஸியன் பூஜ்யத்தை நெருங்கும், டி 25-க்குக் கீழே இறங்காது. அதாவது நிலைமை மோசமாக ஆக, காஸியனின் கண்ணுக்கு இரண்டு ஃபண்டும் ஒன்றுக்கொன்று அந்நியர்கள்!

இந்தக் காஸியனைத்தான் டேவிட் லீ என்ற நிதிக் கணித நிபுணர் 2000-இல் கடன்கள் சேர்ந்து திவாலாகும் வாய்ப்பைக் கணக்கிடக் கையாண்டார். காப்பீட்டுக் கணிதம் படித்தவர். துணை இறந்தபின் மற்றவரின் ஆயுளும் குறைவதைக் கணக்கிடும் துறை அது. (பாண்டியனோடு உயிர்விட்ட கோப்பெருந்தேவி நமக்குப் புதிதா என்ன?) அதே யோசனையைத்தான் லீ கடன்களுக்குக் கொண்டுவந்தார். வங்கிகள் அந்த வாய்பாட்டை வீட்டுக்கடன் மூட்டைகளுக்கு விலை போட எடுத்துக்கொண்டன. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் பழி முழுக்க லீயின் தலையில் விழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காஸியனின் இந்தக் குறையை கணிதவியலாளர் பால் எம்பிரெக்ட்ஸும் சகாக்களும் ஜூரிக்கிலிருந்து 1999-லேயே எழுதிவிட்டார்கள். வங்கிக்காரர்கள் தெரிந்தேதான் பயன்படுத்தினார்கள்.

சரி, அப்போ டி-கோப்புலாவைப் போட்டால் தீர்ந்ததா? இல்லை. உங்கள் 1,250 நாட்களில் நூறில் ஒன்று ரக நாட்கள் பன்னிரண்டோ பதிமூன்றோதான். இரண்டும் சேர்ந்து விழுந்தவை அதிலும் நாலைந்துதான் இருக்கும். அதை வைத்து டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4 என்றோ 8 என்றோ அடித்துச் சொல்ல முடியாது. நான் இரண்டையும் போட்டுப் பார்த்து, மோசமானதை எடுத்துக்கொள்வேன்.

ஒன்று செய்யுங்கள். வங்கி ஃபண்டின் பன்னிரண்டு மோசமான நாட்களை வரிசைப்படுத்தி, பக்கத்துப் பத்தியில் அன்று ஐ.டி. ஃபண்டு என்ன ஆனது என்று எழுதுங்கள். அதற்கு எக்செலே போதும்.