தாய்ச்சி யமாடா: டிவி ரைட்டரா, நாவலிஸ்டா?

"ஆல் ஆஃப் அஸ் ஸ்ட்ரேஞ்சர்ஸ்" படத்தோட மூலக்கதை எழுதின ஜப்பான்காரர் யாரு, அவர் சினிமாக்காரரான்னு கேட்டிருக்கீங்க. பேரு தாய்ச்சி யமாடா, 1934ல டோக்கியோ அசகுசால பிறந்தவர். வசேடா யுனிவர்சிட்டி முடிச்சிட்டு 1958ல ஷோச்சிக்குங்கிற சினிமா ஸ்டூடியோல சேர்ந்து டைரக்டர் கினோஷிதாகிட்ட அசிஸ்டெண்டா இருந்தாரு, 1965ல வெளிய வந்து டிவிக்கு எழுத ஆரம்பிச்சாரு, அங்கதான் ஆள் பெரிய ஆளானது.

1977ல வந்த "கிஷிபே நோ ஆல்பம்" சீரியல பத்தி கண்டிப்பா சொல்லணும். 1974ல தாமா ஆத்துல வெள்ளம் வந்து கரையோரம் 19 வீடு அடிச்சிட்டு போச்சு, அத வச்சு வெளிய நல்லா தெரியுற ஒரு குடும்பம் உள்ளுக்குள்ள எப்படி இத்துப்போயிருக்குன்னு காட்டினாரு. கடைசில வீடே ஆத்தோட போகப்போற நேரத்துல அவங்க எடுக்க ஓடுறது ஃபோட்டோ ஆல்பத்த!

நீங்க கேட்ட நாவல் 1987ல வந்தது, யமமோட்டோ ஷூகோரோ பரிசோட முதல் வருஷமே அதுக்குத்தான் குடுத்தாங்க. டைவர்ஸ் ஆன ஒரு டிவி ரைட்டர், பன்னண்டு வயசுல இழந்த அப்பா அம்மாவ அசகுசால பாக்குறான், அவங்க செத்தப்ப இருந்த அதே வயசுல இருக்காங்க, அதனால இப்ப அவனவிட சின்ன வயசு. சுகியாகி (மாட்டுக்கறிய மேசைலயே சட்டில வேகவச்சு சாப்பிடுற ஜப்பான் சாப்பாடு) கடைல சாப்பாடு எதிர்ல இருக்க, அவங்க கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு போற எடத்துல எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. வசனத்துலயே கதைய நகர்த்துறது டிவி குடுத்த பழக்கம்னுதான் நான் நினைக்கிறேன்.

2023 நவம்பர்ல இறந்துட்டாரு.