நாவல் படமாகும்போது கதையை மாற்றினாலே ரசிகர்கள் கோபப்படுவார்களா?

மாற்றம் மட்டுமே கோபத்துக்குக் காரணமில்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் கதாநாயகன் ஃப்ரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் நடுவே 17 ஆண்டுகள் ஓடுகின்றன. 2001-இல் வந்த படத்தில் அந்த இடைவெளி தெரியவே தெரியாது. டாம் பாம்படில் என்ற பாத்திரத்தையே தூக்கிவிட்டார்கள். அவரைத் தேடிய வாசகர்கள் நிறைய, நானும் தேடினேன். ஆனாலும் படத்தை ஏற்றுக்கொண்டோம். நட்பும், ஃப்ரோடோ சுமக்கும் மோதிரத்தின் பாரமும், ஒவ்வொருவரும் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் படத்தில் அப்படியே இருந்தன.

ஒரு நாவல் வரிசையை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் விஷயம் வேறு. 2011-இல் தொடர் தொடங்கிய அதே ஆண்டில் ஐந்தாவது நூல் வந்தது. ஆறாவது வராமலேயே 2019-இல் தொடர் முடிந்துவிட்டது. கடைசிப் பகுதிக்கு மூலநூலே கிடையாது. சீசனுக்கு 10 அத்தியாயங்கள் என்று இருந்தது, ஏழாவதில் 7, எட்டாவதில் 6 என்று சுருங்கியது. முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தியான டெனேரிஸ் ஒரு நகரத்தையே எரித்ததைக்கூடப் பலர் ஏற்கத் தயாராக இருந்தார்கள். அந்த மனநிலைக்கு அவள் வந்து சேர்ந்த வழியைப் போதுமான அளவு காட்டவில்லை என்பதுதான் அவர்களின் குறை. எனக்கும் அதே வருத்தம் உண்டு.

நாவலில் ஒருவரின் மனக்குரலைப் பக்கம் பக்கமாகக் கேட்கலாம். திரையில் அதை ஒரு பார்வையாகவோ செயலாகவோ மாற்றியாக வேண்டும், அதற்கு நேரமும் வேண்டும். அந்த நேரத்தை வெட்டினால், மூலநூலைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் ஏதோ இடறும்.