சூடான துணைக்குறுமீன் ஆராய்ச்சி: மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் சூடான துணைக்குறுமீன்களைத்தான் ஆராயப் போவதாகப் பிடிவாதமாக இருக்கிறார். யாரும் கேள்விப்படாத ஒரு விண்மீனை நம்பிப் படிக்க அனுப்புவதா என்று நீங்கள் தவிக்கிறீர்கள். அந்த விண்மீன் என்னவென்று தெரிந்தால் உங்கள் கவலையில் ஒரு பகுதி தீரும். மீதி, கவலைப்பட வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

சூரியனைப் போன்ற விண்மீன், மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் உப்பிச் செம்பெருமீனாகிறது. பிறகு மையத்தில் ஹீலியம் பற்றிக்கொள்ளும். அப்போதும் மேலே கனத்த ஹைட்ரஜன் போர்வை இருக்கும். ஒரு சிலவற்றுக்கு மட்டும் அந்தப் போர்வை ஏறக்குறைய முழுவதுமாகப் பறிபோய்விடுகிறது. எஞ்சுவது எரியும் ஹீலியம் உள்ளகமும் அதன்மேல் மெல்லிய படலமும்தான். இதுதான் சூடான துணைக்குறுமீன். நிறை சூரியனில் பாதிக்குச் சற்றுக் குறைவு. விட்டமோ சூரியனுடையதில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்குதான். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின் அளவில் இருக்க, நிறமாலையை வைத்துப் பிரிக்கும் இவற்றின் வகைகளில் பி வகை 20,000 முதல் 40,000 கெல்வின் வரை கொதிக்கிறது. ஓ வகை அதற்கும் மேலே போகிறது. சுமார் 10 கோடி ஆண்டுகள் இப்படி ஹீலியத்தை எரித்துவிட்டு, மறுபடி உப்புவதற்குப் போர்வை இல்லாததால், பெருமீனாகாமலே வெண்குறுமீனாக, அதாவது எரிந்து முடிந்த அடர்த்தியான சிறு விண்மீனாக, சுருங்கிவிடும்.

போர்வையைப் பறித்தது யார்? 1947இல் வானியலாளர்கள் ஹூமாசனும் ஸ்விக்கியும் மங்கலான நீல விண்மீன்களைத் தேடியபோது இவை முதலில் கண்ணில் பட்டன. விடை தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. பெரும்பாலும் குற்றவாளி பக்கத்துத் துணை விண்மீன். பெருமீனின் போர்வைக்குள்ளேயே துணை சிக்கிச் சுழன்று அதை வெளியே வீசியெறிந்தால், எஞ்சும் இரண்டும் சில மணி நேரங்களிலோ நாள்களிலோ ஒன்றையொன்று சுற்றிவரும். துணை நிதானமாக உறிஞ்சியெடுத்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தனியாக நிற்பவற்றுள் சில, இரண்டு ஹீலியம் வெண்குறுமீன்கள் மோதி இணைந்ததால் பிறந்தவையாக இருக்கலாம். எந்த வழியில் எத்தனை பிறக்கின்றன, போர்வை வீசப்படும் அந்தக் குறுகிய கட்டத்தில் சரியாக என்ன நடக்கிறது என்பதெல்லாம் இன்றும் தீராத வழக்குகள்தான்.

ஆகவே வேலை மிச்சமிருக்கிறது, அதுவும் நிறையவே. விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளை வைத்து 2022இல் வெளியான பட்டியலில் 61,000க்கும் மேற்பட்ட விண்மீன்கள் இவ்வகையாக இருக்கக்கூடும் என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. அப்போது உறுதியாக அறியப்பட்டவை 6,600 அளவில்தான். மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறமாலை எடுத்து, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, சரிபார்க்க ஆள் வேண்டும். இது போக, 1997இல் தென்னாப்பிரிக்க வானியல் ஆய்வகத்தினர் இவற்றுள் சில சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதிர்வதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அந்த அதிர்வைக் கொண்டு விண்மீனின் உள்ளமைப்பைக் கணிப்பது இன்று ஒரு தனிப்பிரிவாகவே வளர்ந்திருக்கிறது.

ஆனால் ஐயா, துறையில் வேலை இருப்பது வேறு, நிரந்தரப் பதவி இருப்பது வேறு. இயற்பியலில் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஒவ்வொரு நாடாக ஆய்வுப்பணி என்று முப்பது வயதைத் தாண்டியும் நிலையில்லாமல் ஓடும். கடைசியில் பேராசிரியர் நாற்காலி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பலர் வழியிலேயே தரவு அறிவியல், நிதித்துறை, செயற்கைக்கோள் தொழில் என்று இறங்கிவிடுகிறார்கள். அதைத் தோல்வியாக நான் பார்ப்பதில்லை. சமிக்ஞையில் ஒளிந்திருக்கும் சீரான துடிப்பைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு எங்கும் இடமுண்டு. இளநிலையில் வானியலை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இயற்பியல் எடுக்கச் சொல்லுங்கள் என்பது இதனால்தான். கணிதமும் புள்ளியியலும் பைத்தான் நிரலாக்கமும் கூடவே வரட்டும். உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட இடத்தை மட்டும், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமானாலும், ஏற்க வேண்டாம்.

பொதுவாக "விண்வெளி பிடிக்கும்" என்று வருபவர்களைவிட இப்படிக் குறிப்பாக ஒன்றைச் சொல்லி வருபவர்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். இந்த ஆசை நாளை மாறினாலும் பரவாயில்லை. முனைவர் ஆய்வின் தலைப்பை எப்படியும் பாதி வழிகாட்டிதான் முடிவு செய்வார். இப்போது பார்க்க வேண்டியது, அன்றாட வேலை அவருக்குப் பிடிக்கிறதா என்பதைத்தான். அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு.

கன்னி மண்டலத்தில் எச்.டபிள்யூ. வர்ஜினிஸ் என்று ஓர் இரட்டை விண்மீன் இருக்கிறது. சூடான துணைக்குறுமீனும், சிறிய, குளிர்ந்த, சிவந்த விண்மீனான ஒரு செங்குறுமீனும் 2.8 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. கெப்ளர் விண்கலம் இதைப் பதிவு செய்த தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறக்க லைட்கர்வ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பும் இருக்கிறது. உங்கள் மகள் ஒளி அளவை நேரத்துக்கு எதிராக வரையட்டும். செங்குறுமீன் குறுக்கே வரும்போது ஆழமான, கூர்மையான பள்ளம் விழும். பிறகு வெளிச்சம் மெல்ல ஏறி மேடாகும். அந்த மேட்டின் உச்சியில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். மேடு ஏன், அதன் உச்சியில் பள்ளம் ஏன் என்று அவரே யோசிக்கட்டும். சூடேறிய செங்குறுமீனின் ஒரு பக்கம் நம்மை நோக்கித் திரும்புவதும், பிறகு அதுவே மறைக்கப்படுவதும்தான் காரணம் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நிரல் பத்து முறை பிழை காட்டிய பின்பும் மேசையை விட்டு எழாமல் இருக்கிறாரா, விடை கிடைத்ததும் அடுத்த கேள்வி கேட்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் சலித்துவிட்டால் அதுவும் நல்ல தகவல்தான். கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்பே கிடைத்த தகவல்.

சலிக்கவில்லை என்றால், அந்த வரைபடத்தை இணைத்து இத்துறை ஆய்வாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். சிறுவயதுக் கனவு பற்றி நீளமாக வேண்டாம். என்ன செய்தேன், எங்கே நின்றுவிட்டேன், என் கேள்வி இது என்று ஐந்தாறு வரிகள் போதும். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம்.